கிணறு அந்தப் பிரிவில், வீடு இந்தப் பிரிவில்

கோப்பாயில் பஸ் ஏறினால் வல்லை என்கிற வெட்டவெளி வரும்வரை நான் நித்திரை கொள்வேன். வெளி வந்ததும் யன்னலால் காற்று முகத்தில் அடிக்கும். இரண்டு பக்கமும் வீடில்லை, வேலியில்லை, தண்ணீரும் புல்லும்தான். வலிகாமப் பகுதி அங்கே முடிகிறது, வடமராட்சிப் பகுதி தொடங்குகிறது. யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கிராம அலுவலராக எனக்கு முதல் நியமனம் கிடைத்தபோது, எல்லைகள் எல்லாம் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

எனக்குக் கிடைத்தது கரவெட்டிக்கு அப்பால் ஒரு சிறிய பிரிவு. ஊர்ப் பெயரை எழுதவில்லை. அங்குள்ளவர்கள் இன்னும் என்னைக் கண்டால் கதைப்பார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். என் அலுவலகம் என்பது சனசமூக நிலையத்தின் பக்கத்து அறை. ஒரு மேசை, இரண்டு கதிரை, இரும்பு அலுமாரி, சுவரில் பிரிவின் வரைபடம். எங்கள் குடாநாட்டில் ஆறு இல்லை, மலை இல்லை. ஆகவே பிரிவுகளைப் பிரித்தவர்கள் ஒழுங்கைகள் என்கிற சிறு பாதைகளையும் வாய்க்கால்களையும் பிடித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். ஊர்ச்சனத்துக்கோ அந்தக் கோடும் தெரியாது, பிரிவின் எண்ணும் தெரியாது. எந்த இடம் என்று கேட்டால் "வைரவர் கோயிலடி" என்பார்கள், "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலை" என்பார்கள். நான்தான் எழுந்துபோய் வரைபடத்தில் விரல் வைத்துத் தேடுவேன்.

அப்படித்தான் ஒருநாள் காலை அந்தப் பெண் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் தோட்ட வேலை செய்து கறுத்த முகம், நன்றாகத் தோய்த்து மடித்த சேலை. வீட்டுக்குக் கரண்ட் எடுக்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார். அவர் அந்த வீட்டில்தான் வசிக்கிறார் என்று நான் உறுதிப்படுத்திக் கையெழுத்து வைக்கவேண்டும்.

"அண்ணையும் நானும் மட்டும்தான் மிஸ். அண்ணைக்கு இடுப்புக்குக் கீழை ஏலாது. வன்னியிலை சண்டைக்குள்ளை செல் வெடிச்சுப் பட்டது. ஒவ்வொரு நாளும் கிணத்திலை அள்ளித்தான் அவரைக் குளிப்பாட்டுறன். ஒரு மோட்டர் போட்டால் எனக்கு லேசு."

நான் வரைபடத்தில் தேடினேன். அவர் சொன்ன இடத்தில் தடித்த மையால் எல்லைக்கோடு ஓடியது. அவருடைய காணி அந்தக் கோட்டுக்கு மேற்கே கிடப்பதுபோல எனக்குத் தெரிந்தது. என் பதிவேட்டிலும் அவர்கள் பெயர் இல்லை. "அம்மா, நீங்கள் மற்றப் பிரிவு. அங்கை இருக்கிற ஐயாட்டைப் போங்கோ" என்று சொல்லி, அடுத்தவரைக் கூப்பிட்டேன். முழுவதற்கும் இரண்டு நிமிடம்கூட எடுத்திருக்காது.

ஒரு மாதம் கழித்து அவர் திரும்ப வந்தார். பக்கத்துப் பிரிவு அலுவலர் தன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, இது கிழக்குப் பக்கம், தன்னுடையதல்ல என்று அனுப்பியிருந்தார். நான் மறுபடியும் அவரிடமே அனுப்பினேன். இந்தமுறை ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். கடிதம் எழுதியதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மூன்றாம் முறை வந்தபோது அவர் கதிரையில் இருக்கவில்லை. என் கடிதத்தையும் மற்ற அலுவலர் எழுதிய பதிலையும் மேசையில் பக்கம் பக்கமாக வைத்தார். சத்தம் போடவில்லை.

"மிஸ், அவரும் இல்லையெண்டுறார், நீங்களும் இல்லையெண்டுறியள். அப்ப நாங்கள் எங்கை இருக்கிறம் எண்டு நீங்களே சொல்லுங்கோ. அண்ணையிட்டைப் போய்ச் சொல்லவேணும். அவர் ஒவ்வொரு நாளும் கேக்கிறார்."

என் அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். இவ்வளவு நாளும் நான் போய்ப் பார்க்கவில்லை. "இருங்கோ அம்மா, நானும் வாறன்" என்று சொல்லிப் பக்கத்துப் பிரிவு அலுவலருக்கு அழைப்பெடுத்தேன்.

அவர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த மனிதர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகும் அதே மடிப்புக் குலையாத சட்டையோடுதான் கந்தோருக்கும் வருவார். எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைத் தங்கச்சி என்பார். வரைபடத்தைக் குழாய்போலச் சுருட்டிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குப் போகப் பாதையே இல்லை. வீதியோரத்தில் வேறொருவரின் வளவு. அதன் பக்க வேலியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு. அதற்குள்ளால்தான் அந்தப் பெண் இத்தனை வருடமும் போய் வந்திருக்கிறார். சேர் தன் சட்டையை வேலிக் கதியாலில் கொழுவிக் கிழித்துக்கொண்டார். உள்ளே இரண்டு அறை வீடு, கொஞ்சத் தூரத்தில் கிணறு, சுற்றிவர வடலிப் பனைகள். தமையன் விறாந்தையில் சில்லுக் கதிரையில் இருந்தார். தாடி நெஞ்சுவரை வளர்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குப் போறதெண்டால் நாலு பேர் என்னைத் தூக்கிக்கொண்டு பொட்டுக்குள்ளாலை நுழையவேணும். அதாலை நான் வருத்தம் எண்டு சொல்லுறதேயில்லை" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டு வரைபடத்தையும் விறாந்தையில் விரித்தோம். இரண்டிலும் எல்லை ஓர் ஒழுங்கை. வீதியில் தொடங்கி வடக்கே வயல்வரை நேராக ஓடவேண்டும். ஒழுங்கையின் கிழக்கு என் பிரிவு, மேற்கு சேருடையது. ஆனால் நிலத்தில் ஒழுங்கை இல்லை. சனம் இடம்பெயர்ந்து கிடந்த வருடங்களில் அது பற்றையாகி, வடலி முளைத்து மூடிப்போயிருந்தது. எங்கே ஓடியது என்று தமையனுக்கும் தங்கைக்கும் திடமாகத் தெரியவில்லை. அது தாய்வழிக் காணி. அவர்கள் வளர்ந்தது வேறு ஊரில்.

முன் வளவுக்காரரிடம் போய்க் கேட்டோம். அறுபது வயது, பட்டாளத்து ஆள்போல நிமிர்ந்த உடம்பு. பின்பக்கம் வாழை நட்டுத் தகர வேலி அடைத்திருந்தார்.

"ஒழுங்கையோ? உங்கை ஒழுங்கை ஒண்டும் இருக்கேல்லை. நான் வரேக்கை முழுக்கப் பத்தை. பாம்பும் பூச்சியும். நான்தான் வெட்டித் துப்புரவாக்கினனான். அப்ப ஆரும் வந்து கேக்கேல்லை."

அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் உண்மை முழுவதும் இல்லை என்று எனக்குப் பட்டது. நில அளவையாளரை அனுப்பும்படி பிரதேச செயலகத்துக்கு நாங்கள் இருவரும் சேர்ந்து எழுதினோம். அந்த இடைக்காலத்தில் நான் துணிந்து கையெழுத்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. பிழையான பிரிவில் வைத்தால் நாளைக்கு என்னிடம் விளக்கம் கேட்பார்கள் என்ற பயம்.

ஐப்பசி முடிந்து கார்த்திகை மழை தொடங்கியது. மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் அழைத்தார். "மிஸ், வீட்டுக்கை தண்ணி. அண்ணையைக் கட்டிலிலை விட்டிருக்கிறன். இன்னும் ஏறுது." அன்று எனக்கு வெள்ளத்தால் வந்து தங்கியவர்களின் முகாமுக்குச் சமைத்த சாப்பாடு ஒழுங்கு செய்கிற வேலை இருந்தது. அதைச் சனசமூக நிலையத்துக்காரரிடம் விட்டுவிட்டு ஓடினேன். சேரும் அதே நேரத்தில் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு வந்து நின்றார். அவருக்கும் அந்தப் பெண் அழைத்திருந்தார். யாருடைய பிரிவு என்று அன்று நாங்கள் இருவரும் கேட்கவில்லை.

உள்ளே தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தமையன் மடியில் ஒரு பொலித்தீன் பையை வைத்திருந்தார்; அடையாள அட்டைகள், காணி உறுதி, மருந்துச் சீட்டுகள். அவரை எங்கள் இருவரால் தூக்க முடியவில்லை. நான் வேலியடியில் போய் நின்று முன் வளவுக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணை, ஒருக்கா கை தாங்கோ. ஆளைத் தூக்கவேணும்."

அவர் வந்தார். பொட்டுக்குள்ளால் குனிந்து வந்தவர் வாசலில் நின்றுவிட்டார். பக்கத்து வளவு என்றாலும் அந்த வீட்டுக்குள் அவர் அதற்குமுன் வந்ததில்லை என்று நினைக்கிறேன். தண்ணீரில் மிதந்த செருப்பை, நனைந்த அடுப்பை, கட்டிலில் இருந்த மனிதரைப் பார்த்தார். பிறகு குனிந்து அவரைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். நானும் சேரும் பின்னாலிருந்து கால்களைத் தாங்கினோம்.

முற்றத்துக்கு வந்தபோது சேர் சட்டென்று நின்றார்.

"தங்கச்சி, தண்ணியைப் பாருங்கோ."

பார்த்தேன். வயல் பக்கமிருந்து வந்த வெள்ளம் வளவு முழுவதும் நின்றாலும், ஓர் இடத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்தடி அகலத்தில், கலங்கிய செம்மண் நிறத்தில், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல நேராக. வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவால் வந்து, முன் வளவின் தகர வேலியில் முட்டி, அங்கே திரும்பி வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. வேலியடியில் வாழைக்காகக் கட்டிய மண் அணை. எங்கள் ஊர்களில் ஒழுங்கைதான் வாய்க்காலும். மழைத்தண்ணீர் ஒழுங்கையால் இறங்கி, வீதி மதகைக் கடந்து, கடனீரேரிக்குப் போகும். ஆட்கள் அந்த வழியை மறந்திருந்தார்கள். தண்ணீர் அதில்தான் வந்துகொண்டிருந்தது.

முன் வளவுக்காரரும் அதைப் பார்த்தார். தமையனைத் தன் விறாந்தையில் கொண்டுபோய் இருத்தி, உடுக்கச் சாரம் ஒன்று எடுத்துக் கொடுத்தார். மனைவியிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். பிறகு மண்வெட்டியோடு மழைக்குள் இறங்கிப் போனார். முதலில் அணையை வெட்டினார். பிறகு ஒரு தகரத்தைக் கழற்றினார், அடுத்ததையும் கழற்றினார். தண்ணீர் அவருடைய வாழைகள் நான்கைந்தைச் சரித்துக்கொண்டு வீதிக்குப் பாய்ந்தது. மத்தியானத்துக்குள் வீட்டுக்குள்ளிருந்த வெள்ளம் கணுக்காலளவுக்கு இறங்கிவிட்டது.

திரும்பி வந்தவரிடம் சேர் மெதுவாக, "பெரிய உபகாரம்" என்றார்.

"உபகாரம் எண்டு சொல்லாதேங்கோ சேர். எனக்கு வெக்கமாக் கிடக்கு" என்றுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

நான் அந்த விறாந்தையிலேயே விண்ணப்பத்தை வாங்கினேன். பொலித்தீன் பையிலிருந்ததால் அது நனையவில்லை. தண்ணீர் காட்டிய கோட்டுக்குக் கிழக்கேதான் வீடு. அப்படியானால் முதல் நாளிலிருந்தே அவர்கள் என்னுடைய ஆட்கள். கையெழுத்து வைத்துக்கொண்டே, "அம்மா, பிழை என்னிலைதான். என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சரியென்றா, போகட்டும் என்றா தெரியவில்லை.

"கிணறு எங்கடை பக்கம் கிடக்கு, தங்கச்சி" என்றார் சேர். "உங்கடை சனம் எங்கடை பிரிவுத் தண்ணியைக் குடிக்கிறதிலை எனக்கு ஆட்சேபனை இல்லையெண்டு ஒரு கடிதம் தரட்டோ?" தமையன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தோம்.

தை மாதம் நில அளவையாளர் வந்து அளந்தார். வெள்ளம் காட்டிய இடத்துக்கும் அவர் கட்டை அடித்த இடத்துக்கும் ஒரு முழம்தான் வித்தியாசம். முன் வளவுக்காரர் தன் வேலியைப் பின்னுக்கு எடுத்தார். அவருடைய மகனுக்கு அதில் விருப்பமில்லை. என்னை வீதியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். பிரதேச சபை ஒழுங்கைக்குக் கொஞ்சம் கிரவல் மண் போட்டது. மாசியில் கரண்ட் வந்தது. மோட்டர் வாங்கின அன்று அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டுக் குழாயைத் திறந்து காட்டினார். இரண்டு பேரும் தண்ணீர் விழுகிறதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கையைக் கழுவிக்கொண்டே, "முதல் நாள் நீங்கள் வந்து பாத்திருந்தால் இந்த வெள்ளத்துக்கு முதலே முடிஞ்சிருக்கும், மிஸ்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "ஓம் அம்மா" என்றேன்.

சில வாரம் கழித்து ஒரு பின்னேரம் சந்தியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். வீதியோரமாக அந்தப் பெண் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் தமையன், வெள்ளைச் சேட்டு, நெற்றியில் திருநீறு. வாழைக் குலைகளையும் பாடசாலைப் பிள்ளைகளையும் ஓட்டோக்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். என்னைக் கண்டதும் கை காட்டினார்.

"எங்கை அண்ணை வெளிக்கிட்டாச்சு?"

"சலூனுக்கு" என்றார். "தாடி எடுக்கப்போறன். இனி ஆக்கள் பாப்பினமெல்லோ."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை. சலூன் வாசலில் ஒரு படி இருந்தது. பின்பக்கச் சில்லைத் தூக்கிவிட ஒரு கை வேண்டியிருந்தது.