தாலி வளையத்தில் ஒரு முடி

1. கறுப்பு வெல்வெட்

கிள்ளானில் சரோஜா அக்காவின் நகைக்கடையில் என் முதல் நாள் வேலை நான்கு நிமிடம்தான் ஒழுங்காக நடந்தது. பின்னறை மேசையில் கறுப்பு வெல்வெட்டை விரித்து, நடுவில் ஒரு தாலியை வைத்தேன். ஸ்டாண்டில் கேமராவை மாட்டுவதற்குள் கடைக்காரர் சரோஜா அக்கா தே தாரிக் டீக் கோப்பையோடு உள்ளே வந்துவிட்டார்.

"ஐயோ, தாலிய கொண்டுபோயி கறுப்புத் துணியில வச்சிருக்கியே! எடு, எடு! கல்யாண வீட்டுக்காரங்க பாத்தா இந்தக் கடைப் பக்கம் வருவாங்களா?"

"அக்கா, கறுப்புல வச்சாத்தான் தங்கம் எடுப்பா தெரியும். எல்லா கேட்டலாக்லயும் அப்படித்தான் இருக்கு."

"மோதிரத்த வை, வளையல வை, யாரு வேணாங்கிறா? தாலிய வைக்காத. நீயும் தாலி கட்டுனவதான ஸ்டெல்லா?"

கட்டியவள்தான். மாதா கோயிலில் கட்டிய, சிலுவை பதித்த தாலி. அதோடு பிரிக்பீல்ட்ஸில் இருந்துகொண்டு இருபது வருடத்துக்கு மேல் கல்யாணப் படம் எடுத்தவள் நான். கோயில், சர்ச், மண்டபம் என்று நான் பார்க்காத தாலியா? இருந்தும் இப்படிச் செய்தேன் என்றால், வெள்ளைக்காரர்கள் கைக்கடிகாரத்தைப் படம் பிடிக்கும் வீடியோக்களைப் பார்த்து, சின்னப் பொருளைக் கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோவைக் கற்றுக்கொண்டதுதான் காரணம். அவர்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். வைப்பது கடிகாரமா தாலியா என்று மட்டும் யோசிக்கவில்லை.

நகைக்கடைக்கு நான் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். என் முட்டி போய்விட்டது. கல்யாணப் படக்காரிக்கு முட்டிதான் முதலீடு. மணவறைக்கு முன்னால் மண்டியிட வேண்டும், நாற்காலிமேல் ஏற வேண்டும், மாப்பிள்ளையின் தம்பியை முந்திக்கொண்டு ஓட வேண்டும். டாக்டர் எல்லாவற்றுக்கும் தடை போட்டார். "என் அண்ணன் ஆபீஸ்ல பைல் பாக்குற வேல இருக்கு, ஏர்கோன் ரூம், வந்துரு" என்றார் என் கணவர் லாரன்ஸ். அவருடைய அண்ணன் ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவில், சுருக்கமாகப் பீஜேயில், இருக்கிறது. அந்த அண்ணனைப் பார்த்தாலே எனக்குக் கொட்டாவி வரும். உட்கார்ந்த இடத்தில் படம் எடுக்கும் தொழில் ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் மேக்ரோவுக்கு வந்தேன்.

அக்கா ஒளிவுமறைவில்லாமல் பேசினார். ஈப்போவிலும் ஜொகூரிலும் இருக்கிறவர்கள் போனில் படம் பார்த்து நகை வாங்குகிறார்களாம். "பத்து உருப்படி எடுத்துக் காட்டு. சனிக்கிழமைக்குள்ள. புடிச்சா வருசம் முழுக்க உனக்குத்தான். புடிக்கலன்னா பீஜே ஸ்டூடியோவுக்குக் குடுத்துருவேன். கோவிச்சுக்காத."

ஆக, சனிக்கிழமை தவறினால் எனக்குப் பைல்தான்.

2. வாங்கியதும், வாங்கியிருக்கக் கூடாததும்

இப்போது என்னிடம் படிக்க வரும் பிள்ளைகள் வாசலிலேயே கேட்பது, "ஆன்டி, எந்தக் கேமரா வாங்கலாம்?" என்றுதான். இருக்கிற கேமரா போதும். நான் கல்யாணத்துக்கு வைத்திருந்த பழைய கேமராவையே இன்றும் வைத்திருக்கிறேன். லென்ஸுக்கும் வெளிச்சத்துக்கும் செலவழியுங்கள். 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ் ஒன்றைப் பழசாகவே வாங்கினேன். சின்ன லென்ஸ் என்றால் நகையின் மூக்கை இடிக்கிற அளவு கிட்டப் போக வேண்டும். பிறகு லென்ஸின் நிழல் நகைமேல் விழும், விளக்கு வைக்க இடம் இருக்காது.

வாங்கியிருக்கக் கூடாதது, லென்ஸைச் சுற்றி வளையமாக மாட்டும் ரிங் ஃபிளாஷ். "மேக்ரோன்னா இதான் லா, ஆன்டி" என்று விற்றவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. பூச்சிக்கும் பூவுக்கும் அது சரிதான். பளபளக்கும் தங்கத்தில் அடித்துப் பார்த்தேன். தாலிக்கொடியின் ஒவ்வொரு குண்டிலும் ஒரு வெள்ளை உளுந்து வடை தெரிந்தது.

கறுப்பு போனதால் வெற்றிலையில் வைக்கலாம் என்று அக்காவே யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனால் என் பழைய ஹாலஜன் விளக்கின் சூட்டில் வெற்றிலை பத்தே நிமிடத்தில் துவண்டு சுருண்டது. பிறகு சூடில்லாத எல்.இ.டி. பேனல் இரண்டு வாங்கினேன். அதிலும் மலிவானது தங்கத்தைப் பித்தளையாகக் காட்டும். பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் இருக்கும், நிறத்தை எவ்வளவு ஒழுங்காகக் காட்டும் என்பதற்கு. அது தொண்ணூற்றைந்துக்குக் குறைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெளிச்சத்தை மென்மையாக்க நகையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்ட வேண்டும். அதற்கென்றே கடையில் விற்கும் துணிக் கூடாரம் எதற்கு என்று லாரன்ஸின் வேட்டியைக் கொண்டுபோனேன். வெளிச்சம் அருமையாக வந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் தாலியின் நடுவில் பச்சையாக ஒரு கோடு. கடையின் பத்தர் முத்தையா அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"என்னா தங்கச்சி, என் தங்கத்துல பாசி புடிச்சிருச்சா?"

வேட்டியின் கரை! மறுநாள் கரையை வெட்டினேன். லாரன்ஸ் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

3. துறைமுகத்து லோரி

மேக்ரோவில் ஒரு தாளின் கனத்துக்குத்தான் தெளிவாக விழும், மீதி மங்கிவிடும். அதனால் முன்னிருந்து பின்னாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஃபோகஸை நகர்த்தி முப்பது படம் எடுத்து, கணினியில் ஒன்றாக அடுக்க வேண்டும். அந்த முப்பது படம் முடிகிற வரைக்கும் எதுவும் அசையக் கூடாது.

கடைக்குப் பின்னால் துறைமுகத்துக்குப் போகும் சாலை. கன்டெய்னர் லோரி ஒன்று போனால் மேசையோடு தாலியும் நடுங்கும். காற்றாடியை நிறுத்திவிட்டு வியர்வையில் குளித்துக்கொண்டு, லோரிக்கும் லோரிக்கும் நடுவில் எடுத்தேன். இருபத்தெட்டாவது படத்தில் ஒரு லோரி வரும். முத்தையா அண்ணன் தன் பட்டறையிலிருந்து "வருது, வருது!" என்று குரல் கொடுப்பார். நான் லோரிக்காரனின் பரம்பரையையே விசாரிப்பேன். மறுபடி முதலிலிருந்து. ஆனாலும் சந்தோஷமாகவே இருந்தேன். முட்டி வலிக்காமல் இவ்வளவு வேலை செய்து வெகுநாள் ஆகியிருந்தது.

4. முடி

வெள்ளிக்கிழமை மதியம் பத்தாவது உருப்படி. அதுவும் தாலிதான், ஆனால் விற்பனைக்கு இல்லை. பெண் வீட்டார் நல்ல நாள் பார்த்து, தங்கள் பொன்னைக் கொடுத்து, கண்முன்னே உருக்கச் செய்தது. சனிக்கிழமை காலை வாங்கிப் போவார்கள், ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். அவர்களிடம் கேட்டுத்தான் அக்கா அதைப் படம் எடுக்கக் கொடுத்தார்.

படம் நன்றாக விழுந்தது. கொடி கோக்கும் வளையத்தில் மட்டும் மெல்லிய கறுப்பு முடி ஒன்று. கல்யாண ஆல்பத்தில் பருவையும் தழும்பையும் அழித்து அழித்துப் பழகிய கை, நான் யோசிப்பதற்குள் அதையும் அழித்துவிட்டது. அக்காவின் போனுக்கு அனுப்பினேன். கவுன்ட்டரிலிருந்து எழுந்தே வந்துவிட்டார்.

"ஸ்டெல்லா, போதும் லா. வேல உனக்குத்தான்!"

துள்ளிக் குதிக்க முட்டி இடம் கொடுக்கவில்லை. லாரன்ஸுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, பெட்டியில் சாமான்களை அடுக்கிக்கொண்டே பக்கவாட்டில் எடுத்த படங்களைப் பார்த்தேன். முடி அதே இடத்தில் இருந்தது.

இரண்டு கோணத்துக்கும் நடுவில் தூசி ஊதும் ரப்பர் பந்தால் நகையை நன்றாக ஊதியிருந்தேன். முடியாக இருந்தால் பறந்திருக்கும். பெரிதாக்கினேன். வளையத்தைப் பற்றவைத்த இடத்தில் ஒரு வெடிப்பு. அதில் பாலிஷ் பசை அடைந்து கறுத்துப்போயிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், வாயை மூடிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். வேலை கைக்கு வந்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. கடை நகையில் குறை சொன்னால் எந்தக் கடைக்காரர் வேலை கொடுப்பார்? ஆனால் கழுத்தில் ஏறிய தாலி கழன்று விழுந்தால் அந்தப் பெண்ணை ஆளாளுக்கு என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கவுன்ட்டருக்குப் போனேன்.

"அக்கா, நான் அனுப்புன படத்துல ஒரு தப்பு பண்ணிட்டேன். இதப் பாருங்க."

அக்காவின் முகம் மாறியது. "என் கடை நகையில வெடிப்பா? உன் லைட்டு நெழலா இருக்கும். அண்ணே, இங்க வாங்க!"

முத்தையா அண்ணன் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணும் இல்லியே" என்றார். நான் திரையில் காட்டினேன். அவர் வளையத்தில் ஒரு கம்பியைக் கோத்து லேசாக இழுத்தார். வளையம் வாய் திறந்தது.

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"பத்த வைக்கிறப்ப போன் அடிச்சுச்சு" என்றார் அண்ணன் மெதுவாக. "எடுத்துப் பேசிட்டேன். சூடு பத்தாமப் போயிருக்கும்."

அவர் வேறு சாக்கு எதுவும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பொன்னிலேயே மிச்சம் வைத்திருந்த துண்டை எடுத்துப் புது வளையம் செய்யப் பட்டறைக்குப் போனார். போனை அணைத்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுத்தான் போனார். ஐந்தரை மணிக்குத் தாலி மறுபடி என் மேசைக்கு வந்தது. முப்பது படம் எடுத்து அடுக்கினேன். அண்ணன் என் தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னுங் கொஞ்சம் பெருசாக்கு தங்கச்சி, இன்னுங் கொஞ்சம்" என்று வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அதில் நான் எதையும் அழிக்கவில்லை.

மறுநாள் காலை பெண்ணின் அம்மா தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் போனார். அவர் தலை மறைந்ததும் அக்கா என்னிடம் திரும்பினார்.

"இனிமே ஒரு தாலியும் நீ பாக்காம இந்தக் கடைய விட்டுப் போகாது. எத்தன மணிக்கு வருவ?"

என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளுக்கு லென்ஸைப் பற்றி நான் சொன்னது மறந்தால் பரவாயில்லை, இதை மட்டும் மறக்கக் கூடாது. படத்தில் ஏதாவது தெரிந்தால் முதலில் ஊதிப் பாருங்கள். ஊதியும் போகவில்லை என்றால் அதில் கை வைக்காதீர்கள். அதைச் செய்தவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.