இரண்டெழுத்து கேட்கும் லாட்டாய்

மைக் முன்னால் ஆள் சேரத் தொடங்கும் முன்பே லாட்டாய் அக்கா வந்து நின்றுவிடுவார். செருப்பை நாற்காலிக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு நிற்பார். அவருடைய தீவில் சபைமுன் பேசுகிறவர்கள் செருப்பு அணிவதில்லை. இந்த முறை கூட்டம் நடக்கும் கோலாலம்பூர் ஓட்டல்காரன் வைத்திருக்கும் ஏசி குளிரில் கால் விறைத்துப்போகும், போகட்டும். கையில் வீட்டில் பொரித்த கிழங்கு வறுவல் டப்பா. பின்னால் வந்து நிற்கிற எல்லாருக்கும், எதிரிக்கும்கூட, அதை நீட்டுவார். "தின்னுட்டு அப்புறம் திட்டுங்க" என்பார்.

இணையத்தின் பெயர்களை யார் ஆள்வது என்று பேசும் கூட்டங்களில் மைக்கைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. இவர்களோடு ஊர் ஊராக அலைந்தே தலை நரைத்துவிட்டது. வருகிறவர்கள் கோட்டு மாற்றுவார்கள், கம்பெனி மாற்றுவார்கள். லாட்டாய்க்கு மட்டும் அதே பூப்போட்ட சட்டை, அதே கேள்வி.

ஒவ்வொரு நாட்டுக்கும் இணைய முகவரியின் கடைசியில் இரண்டெழுத்து உண்டு. லாட்டாயின் தீவுக்கும் உண்டு, ஆனால் தீவின் கையில் இல்லை. அங்கே இணையமே வராத காலத்தில் எவனோ ஒருவன் அதைத் தன் பேரில் எழுதி வாங்கிக்கொண்டான். இன்று அவன் கம்பெனி அதைச் சூதாட்டக்காரனுக்கும் கண்டவனுக்கும் விற்றுக் கொழிக்கிறது. தீவின் ஆஸ்பத்திரி தன் சொந்தப் பெயருக்கு அவனிடம் போய் நிற்க வேண்டும். அக்கிரமம் இல்லையா இது?

போன புயலின்போது தீவின் வானிலைப் பக்கம் திறக்கவில்லை. பெயரைப் புதுப்பிக்கப் பணம் கட்டவில்லை என்று கம்பெனி முடக்கி வைத்திருந்தது. லாட்டாயின் தம்பி அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகை எடுப்பான். அன்று அது வரவில்லை. வழக்கமான கோளாறு என்று நினைத்துக் கிளம்பிவிட்டான். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

அதைச் சொல்லி அவர் அழுது நான் பார்த்ததில்லை. கோபம்தான். தேநீர் இடைவேளையில் கம்பெனி ஆள் ஒருவன் வந்து, அந்த முடக்கம் பற்றி விசாரணை நடக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்று குழைந்தான்.

"எங்க ஊரு பேரை நீ வச்சுக்குவ, பொறுமையை மட்டும் எனக்குக் குடுப்பியா?" என்றார் லாட்டாய்.

போய்ச் சாப்பிட்டு வாருங்கள் அக்கா என்று நானும் சொல்லிப் பார்த்தேன். "எடத்தை விட்டா எவனாவது வந்து நின்னுக்குவான் தம்பி. அப்படி விட்டுத்தானே இந்தக் கதி" என்று நகர மறுத்துவிட்டார்.

இந்தக் கூட்டத்தில் கை தூக்கி எண்ணும் வழக்கம் கிடையாது. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். எந்தப் பக்கம் சத்தம் பெரிதோ அதுதான் சபையின் மனம். யார் முனகியது என்று யாருக்கும் தெரியாது. காசு வாங்கியவனுக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

தலைவர் யூஸ்ட் மரியாதை தெரிந்த மனிதர். அந்த எழுத்துகள் கம்பெனியிடமே இருக்கட்டும் என்பவர்கள் முனகலாம் என்றார். கம்பெனி கூட்டிவந்த பின்வரிசைகள் ஒரே குரலாய் இரைந்தன. தீவுக்கே திருப்பித் தரலாம் என்பவர்கள்? அங்கொன்றும் இங்கொன்றுமாக மெலிதாகக் கேட்டது.

லாட்டாய் டப்பாவை என் மேசைமேல் வைத்தார். மைக்கைக் கழற்றி, உதட்டோடு சேர்த்துப் பிடித்து முனகினார். மண்டபம் அதிர்ந்தது. இது முறையல்ல அம்மா என்றார் தலைவர்.

"சத்தந்தானே உங்க கணக்கு? கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டு லாட்டாய் மறுபடி தொடங்கினார்.

மைக்கை அணைக்கச் சொல்லித் தலைவர் எனக்குச் சைகை காட்டினார். எனக்கோ அப்போதுதான் வறுவல் தின்ன ஆசை வந்து, குனிந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். வேறு யாரோ ஓடிவந்து ஒயரைப் பிடுங்கினார்கள்.

லாட்டாய் செத்த மைக்கை என் மேசையில் வைத்தார். வரிசையில் தன் இடத்தை விட்டு அவர் நகர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வெறுங்காலோடு பின்வரிசைக்கு நடந்தார். அந்தக் கம்பெனி ஆளின் முகத்துக்கு நேரே நின்று, மூச்சை இழுத்து, வாயை மூடிக்கொண்டு மீண்டும் முனகத் தொடங்கினார்.