நிர்மலா சொன்னதில் என் காதில் விழாதது

எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது ஆகஸ்ட் மாதத்தில், பனியன் கம்பெனியில் கிறிஸ்துமஸுக்கான ஏற்றுமதி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். நாங்கள் தெற்கேயிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவர்கள். நான் ஓவர்லாக் டெய்லர். குழந்தைகள் பனியனுக்குக் கழுத்துப் பட்டி வைப்பது என் வேலை. அப்படிப்பட்டவளுக்குச் சொந்தக் கழுத்து திரும்பவில்லை. லேசாக அசைத்தாலும் தோள்வரைக்கும் சுண்டி இழுத்தது. என் மிஷினில் வேறு ஆளைப் போட்டுவிட்டால் என்ன செய்வேன் என்று அழுதேன்.

ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வலியைவிட என்னை அதிகமாக வாட்டியது நிர்மலா.

நிர்மலா பல்லடத்துப் பெண், என்னைவிடச் சின்னவள். கம்பெனியில் எங்கள் லைனிலேயே தைக்கிறாள், எங்கள் சபையிலேயே பாடுகிறாள். முந்தின மாதம் அவளுக்கு இடுப்பு பிடித்தது. பாஸ்டர் ஜெபித்தார். ஒரே வாரத்தில் எழுந்து வந்து சாட்சி சொன்னாள். சபையே கைதட்டியது. நானும் தட்டினேன், வயிறு எரிய எரியத் தட்டினேன். புதுச் சேலை வேறு. மைக்கைப் பிடித்துக்கொண்டு அழும்போதும் அழகாக இருந்தாள். நான் இருந்த உபவாசத்தில் பாதியாவது இவள் இருந்திருப்பாளா?

என்னை என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறேன், முழுகாமல் இருக்கிறேனா என்றெல்லாம் கேட்டுவிட்டு, தசை இறுகியிருக்கிறது, தளர்த்த மாத்திரை தருகிறேன் என்றார் டாக்டர். “நாலு நாளைக்குத்தானுங்கம்மா. ராத்திரி ஒண்ணு. தூக்கமா வரும். மாத்திரை முடியற வரைக்கும் மிஷின்ல உக்காராதீங்க.”

வாங்கியதைப் பையிலேயே போட்டு வைத்தேன். அவளுக்கு அற்புதம், எனக்கு மாத்திரையா? மாத்திரையில் சுகமானால் மைக்கில் எதைச் சொல்வது? “ஆண்டவரே, அவளுக்குச் செய்ததை எனக்கும் செய்யும்” என்று ஜெபித்தேன். கழுத்து இன்னும் இறுகியது. படுக்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கடைசியில், “சாட்சியே வேண்டாம் ஆண்டவரே. என் கழுத்தைத் தாரும். யாரையாவது அனுப்பும்” என்று கதறினேன்.

மறுநாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றது நிர்மலா. நான் கேட்ட ‘யாராவது’ இவள் இல்லை.

ரசம் சோறு கொண்டுவந்திருந்தாள். பிரிக்காத மாத்திரை அட்டை அவள் கண்ணில் பட்டுவிட்டது.

“ஏனுங்க்கா, ஒண்ணுகூடப் போடலீங்களா?”

“நீ ஜெபத்துலயே சொகமாயிட்ட பிள்ள. எனக்கு மட்டும் எதுக்கு மாத்திரை?”

அவள் என்னையே பார்த்தாள். “பாஸ்டர் ஜெபிச்சாருங்க, டாக்டர் குடுத்த மாத்திரையும் போட்டேன்னு அன்னைக்கே மைக்குல சொன்னேனுங்களே! நீங்க முன்னாடிதான உக்காந்திருந்தீங்க?”

உட்கார்ந்துதான் இருந்தேன். சேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே வேகத்தில், மாத்திரையை இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டு நாளைக்கே வேலைக்கு வருகிறேன் என்றேன். அட்டையைப் பிடுங்கிக்கொண்டாள். “டாக்டர் சீட்டுல எழுதியிருக்கறது ஒண்ணுதானுங்க்கா. ரெண்டப் போட்டுட்டு மிஷின்ல சொக்கி விழுந்தா ஊசி வெரல்ல எறங்கிரும். சூப்பர்வைசர்கிட்ட நான் பேசிக்கறேன், நீங்க படுங்க.”

பேசியதோடு நிற்காமல், வேறு ஆளைப் போட்டுவிடாதபடி என் மிஷினில் அவளே உட்கார்ந்தாளாம். அதைக் கேட்டபோதும் சுருக்கென்றது. நான் திரும்பிப் போன அன்று, என்னைக் கண்டதும் எழுந்து இடம் விட்டாள்.

டாக்டர் சொன்னபடி போட்டேன், சொன்ன நாளில் நிறுத்தினேன். கழுத்து இளகியது. அட்டையில் மிச்சமிருந்ததைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி, தனக்கும் கழுத்து வலி, இரண்டு மாத்திரை கொடு என்றாள். எனக்கு எழுதியது உனக்கு ஆகுமோ ஆகாதோ என்று சொல்லி, அதே டாக்டரிடம் அனுப்பிவைத்தேன்.

பிரியமானவர்களே, வலியென்றால் ஜெபியுங்கள். டாக்டர் தருவதையும் ஆண்டவர் கையிலிருந்து வாங்குவதுபோல வாங்கி, அளவு மாற்றாமல் போடுங்கள். உதவி கேட்டபிறகு வாசலில் யார் வந்து நின்றாலும் கதவைத் திறந்துவிடுங்கள்.

நானும் சாட்சி சொன்னேன். மாத்திரையைப் பற்றி எல்லோர் காதிலும் விழும்படி சத்தமாகவே சொன்னேன். நிர்மலாவுக்குத் தட்டிய அளவுக்கு எனக்குத் தட்டவில்லை, கவனித்தேன். வந்து உட்கார்ந்த பிறகும் பின்னால் ஒருத்தி மட்டும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தாள். யாரென்று திரும்பிப் பார்த்தேன். கழுத்து வலிக்காமல் திரும்பியது. நிர்மலா. அன்றைக்கும் புதுச் சேலை. ஸ்தோத்திரம்.