படித்துறையில் ஒரு மஞ்சள் வாளி

அந்த வாளி மஞ்சள் நிறம். கிள்ளான் பாசாரில் மிஸ் அதை வாங்கிய அன்று நானும் கூட இருந்தேன். பச்சை வேண்டாம், சிவப்பு வேண்டாம் என்று கடைக்காரரின் அடுக்கையே கலைத்துவிட்டு அடியிலிருந்து உருவி எடுத்தார். “மஞ்சள்தான் வேணும், ஐயா சொல்லிட்டாரு” என்றார். ஞாயிறு தவறாமல் மெதடிஸ்ட் தேவாலயத்தில் பாடுகிறவர், கருமக்கிரியை செய்து வைக்கும் பண்டாரத்தின் பேச்சுக்காக வாளிக்கு நிறம் பார்த்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். பிரிக்பீல்ட்ஸில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். வார இறுதி வந்தால் கிள்ளான் பஸ்ஸைப் பிடித்துவிடுவேன். அங்கே ஒரு கடைவீட்டு மாடியில், லாப நோக்கமில்லாமல் நடந்தது எங்கள் கடல் கல்வி நிலையம். நிலையம் என்ற சொல்லே கொஞ்சம் பெரிது. இரண்டு அறைகள், ஒரு கண்ணாடித் தொட்டி, அதில் சில நண்டுகள், சுவரில் மீன் படங்கள், அவ்வளவுதான். பொறுப்பாளர் செந்தூல் ரயில்வே குடும்பத்துப் பெண். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர். முன்பு பள்ளியில் வேலை பார்த்ததால் எல்லோருக்கும் ‘மிஸ்’. மாடிப்படியில்கூட அவருக்கு ஓட்டம்தான். கடல் வற்றும் நேரம் பார்த்துப் பள்ளிப் பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போவோம். அலையாத்தி வேர்களுக்கிடையே நண்டும் நத்தையும் காட்டுவோம், கூடவே குப்பையும் பொறுக்க வைப்போம். பிள்ளைகள் வந்தால்தான் நிலையம். வராவிட்டால், ஆதரவு தருகிறவர்களிடம் காட்ட எங்களிடம் வேறொன்றும் இல்லை.

ஒருநாள் ஒரு பையன் வேரில் சிக்கியிருந்த மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, தன் தலைமையாசிரியர் மாதிரி நடந்து காட்டினான். எல்லோரும் சிரித்தோம். அவன் அதை வீட்டுக்கும் கொண்டு போய்விட்டான். சற்றுத் தள்ளியிருந்த படித்துறையில்தான் அஸ்தி கரைப்பார்கள். இறந்தவரின் கண்ணாடி, சீப்பு, சட்டை என்று பிளாஸ்டிக் பையில் கட்டி அதையும் கடலில் விடுவார்கள். மறுநாள் பையனின் அம்மா மாடியேறி வந்தார். “செத்தவங்க கண்ணாடிய எம்புள்ள மூஞ்சில மாட்ட விட்டிருக்கீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா மிஸ்? கடலப் பத்திப் படிக்க அனுப்புனேனா, கருமாதிக்கு அனுப்புனேனா?” அந்த வாரம் அந்தப் பள்ளி வரவில்லை. அடுத்த வாரம் இன்னொரு பள்ளியும் நின்றது.

எனக்கு எதிலும் அவசரம். ‘கடலில் குப்பை போடாதீர்’ என்று பலகை எழுதிப் படித்துறையில் நட்டேன். மிஸ்ஸும் சரி என்றுதான் சொன்னார். மொட்டையடித்த தலையோடு, கையில் அஸ்திப் பானையோடு ஒருவர் நின்று அதைப் படித்தார். “பாஸ், எங்கப்பா குப்பையா?” என்று கேட்டார். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை, மெதுவாகக் கேட்டார். மிஸ் பலகையைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பண்டாரத்திடம் போனார்.

“நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. இதுல தலையிடலாமாம்மா?”

“தலையிட வரல ஐயா. பிள்ளைங்க வரலன்னா சென்டர மூடிட்டு நான் வீட்டுக்குப் போகணும். நீங்க சொன்னா கேப்பாங்க லா.”

பண்டாரம் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். “துக்கத்துல வர்றவன்கிட்ட போடாதேன்னா கோவம்தான் வரும். இங்க போடுன்னு சொல்றேன். வாளி ஒன்னு வாங்கிட்டு வாங்க, மஞ்சள்ல. குப்பத்தொட்டி மாதிரி இருந்துச்சு, நானே எட்டி உதைப்பேன்.”

அப்படி வந்ததுதான் அந்த வாளி. அஸ்தியும் பூவும் தண்ணீருக்கு, மற்றதெல்லாம் வாளிக்கு. பண்டாரம் வாளிக்கும் ஒருமுறை கற்பூரம் காட்டினார். மதியத்துக்கு மேல் மிஸ் வந்து தூக்கிப் போவார். உள்ளே இருப்பதைக் குப்பை லோரியில் ஏற்றுமுன் ஒரு நொடி தலை குனிவார். மெல்ல மெல்லப் பள்ளிகள் திரும்பி வந்தன. கண்ணாடிப் பையனின் அம்மா மட்டும் கடைசிவரை அவனை அனுப்பவில்லை.

சில ஆண்டுகளில் அந்தக் கடைவரிசையையே இடித்தார்கள். நிலையம் வேறு இடம் தேடி, கிடைக்காமல், நின்றுபோனது. மிஸ் மறுபடி பள்ளி வேலைக்கு ஜொகூர் போய்விட்டார்.

சென்ற மாதம் பெரியப்பாவின் அஸ்தியோடு அதே படித்துறைக்குப் போனேன். பழைய பண்டாரத்தின் இடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். என் கையிலிருந்த பையைப் பார்த்ததும், “அண்ணே, கரையாத சாமான் தண்ணிக்குப் போகக்கூடாது. மூணு சுத்து சுத்திட்டு இதுல போடுங்க” என்றார். மஞ்சள் வாளி. பழையதல்ல, வேறொன்று. பிடியில் மஞ்சள் துணி சுற்றி, முன்பக்கம் விபூதிப் பட்டை போட்டிருந்தது.

“இது எப்போலேர்ந்து தம்பி?”

“இதெல்லாம் இந்தியாவுலேர்ந்து கப்பல்லயே வந்த வழக்கம்ணே. நம்ம பாட்டன் காலத்துது.”

கடல் வற்றியிருந்தது. தூரத்து அலையாத்தி வேர்களில் சேறு மட்டும்தான் தெரிந்தது. வாளியை மூன்று முறை சுற்றி வந்து, பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியை அதற்குள் வைத்தேன்.