எல்ஸைக் காலியாக விடாதவள்

எனக்கு நெஸ்டட் இஃப் என்றாலே எரிச்சல். புரோகிராமில் 'இப்படியென்றால்' என்று ஒரு 'இஃப்' போட்டு, அதன் வயிற்றுக்குள் இன்னொரு 'இஃப்', அதற்குள்ளும் ஒன்று. மனுஷி எழுதுவாளா இதை? அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் வந்த புதிது. கம்பெனியின் ஏசி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, நானும் என் தோழியும் அடுத்தடுத்த நாற்காலியில் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பெண்களுக்கும் இரண்டாவது ஷிப்ட் என்று உத்தரவு வந்தது. முடிய ராத்திரி பத்தாகிவிடும். அவள் வீடு வெள்ளானூர். அவளுடைய அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "கம்பெனி பஸ் ஊராண்ட வந்தா வேலைக்குப் போ. இல்லேன்னா ஊட்லயே கெட." கம்பெனி பஸ்ஸோ ஆவடியோடு சரி.

யாரை எங்கே இறக்குவது என்ற புரோகிராமும் அவள் தலையில்தான் விழுந்தது. இரண்டாவது ஷிப்டா? ஆமென்றால், பெண்ணா? ஆமென்றால், ஆவடிக்குள் வீடா? ஆமென்றால், வீட்டுக்குப் பக்கத்து ஸ்டாப்பில் இறக்கு. இல்லையென்றால்? அந்த 'எல்ஸு'க்கு மானேஜர் தந்த விதிகளில் பதிலே இல்லை.

"உட்டுடுடி. எல்ஸ் போடலன்னா மிஷின் இன்னா கேக்கவா போவுது? கம்முனு அடுத்த ஆளுக்குப் போயிடும்" என்றேன்.

"அதான்டி, அது கேக்காது. அந்தப் பொண்ணு பேரே பேப்பர்ல வராது. நான் கேக்க வெக்கிறேன் பாரு."

கேட்க வைத்தாள், கில்லாடி! எல்லாவற்றுக்கும் உள்ளே கிடந்த அந்த எல்ஸில் ஒரே ஒரு வரி: 'இவரை எங்கே இறக்குவது?' பிரிண்டர் கிர்ரென்று கத்திக்கொண்டு காகிதத்தைத் தள்ளியது. பெயர், கேள்வி. பெயர், கேள்வி. எல்லாரும் ஆவடி தாண்டி வெள்ளானூர்ப் பக்கத்துப் பெண்கள். அவள் பெயரும் அதில் இருந்தது.

மானேஜர் காகிதத்தை இழுத்து இழுத்துப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்னம்மா, புரோகிராம் என்னையே கேள்வி கேக்குது?"

"நீங்க குடுத்த ரூல்ஸ்தான் சார். பதில் சொன்னீங்கன்னா அந்த எடத்துல போட்டுடறேன்."

குரலில் துளி நடுக்கம் இல்லை.

அவர் காகிதத்தோடு மாடிக்குப் போனார். இரண்டாவது ஷிப்ட் தொடங்கும் நாளுக்குள், பஸ் வெள்ளானூர் வரை போகும் என்று முடிவாகிவிட்டது. அவள் கேள்வியை அழித்துவிட்டு அங்கே தன் ஊர்ப் பெயரை அடித்தாள். அடடா, அதை அடித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

இரண்டாவது ஷிப்டின் முதல் ராத்திரிக்கு மறுநாள் அவளே சொன்னாள். பஸ் நின்ற இடத்தில் அப்பா டார்ச்சோடு காத்திருந்தாராம். டார்ச் அடித்துக்கொண்டே முன்னால் நடந்தாராம். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாராம்:

"நாளிக்கி எத்தினி மணிக்கும்மா கெளம்பணும்?"