வசனத்துக்கு மேலே இருந்த பெயர்

கே.கே. நகரில் தனி அறையில் இருந்து ஒரு திரைக்கதை எழுதி முடித்தேன். அதைச் சத்தமாக வாசித்துப் பார்க்க, திரைக்கதை எழுதுபவர்களின் வாட்ஸப் குழுவில் எல்லோரையும் மயிலாப்பூருக்கு அழைத்தேன். மழையில் ஒரு பெண் மட்டும் வந்தார். காபிக் கடையில் உட்கார்ந்து இருவருமே எல்லாப் பாத்திரங்களையும் வாசித்து முடித்தோம்.

“உங்க ஹீரோ பேரு இன்னா சார்?” என்றார்.

எனக்கு எரிச்சல். “ஒவ்வொரு பக்கத்துலயும் முரளின்னு போட்டிருக்கேனே!”

“வசனத்துக்கு மேல கீது. படம் பாக்கறவனுக்கு அது எப்டித் தெரியும்? ஒருத்தர்கூட அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலியே.”

புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். எழுதும்போது எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை.

“உங்க பேரு? குரூப்ல வெறும் நம்பர்தான் கீது.”

சொன்னேன். அவர் அதை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என் பெயர் இன்னொருவர் குரலில் எப்படிக் கேட்கும் என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.