விசிலக்காவின் ஒரு வார ஓய்வு

விசிலக்கா லீவு கேட்டிருக்கிறாள் என்ற செய்தியைப் பஸ் டிப்போவில் பழைய டிரைவர்கள் யாரும் முதலில் நம்பவில்லை. காய்ச்சல் வந்தாலும் போர்வையும் கையுமாக வந்து பஸ்ஸை அனுப்புகிறவள் அவள். டிப்போ வாசலை ஒட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி வைத்த சின்ன அறைதான் அவளுடைய ராஜ்ஜியம். அங்கே ஒரு மைக், சாவிகள் தொங்கும் பலகை, உட்கார்ந்தால் கிறீச்சிடும் நாற்காலி. கழுத்தில் விசில். விசில் ஊதினால் பஸ் நகர வேண்டும். நகராவிட்டால் மைக்கில் அவள் குரல் வரும். அதைக் கேட்பதற்கு பஸ்ஸை நகர்த்திவிடுவதே மேல் என்பார்கள்.

பஸ்ஸை நேரத்துக்கு அனுப்ப அவளிடம் ஒரு வித்தை இருந்தது. உண்மையான நேரத்தை யாரிடமும் சொல்லமாட்டாள். டீக்கடைக்குப் போனால் திரும்பி வர மனசில்லாத டிரைவருக்குக் கால் மணி முன்னதாகச் சொல்வாள். சீட்டுக் கட்டோடு உட்காருகிறவருக்கு அரை மணி. புதிதாகக் கல்யாணமானவருக்கு இன்னும் கொஞ்சம் தாராளமாக. அவள் பொய் சொல்கிறாள் என்பது டிப்போ முழுக்கத் தெரிந்த விஷயம். தன் பங்குக்கு எவ்வளவு பொய் என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பயத்தில் எல்லாரும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். பயணிகளும் அவளை வாழ்த்தினார்கள், யாரை வாழ்த்துகிறோம் என்று தெரியாமலே.

வித்தையை டிப்போவோடு நிறுத்தியிருந்தால் தொல்லையில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்றால் வேலைப் பழக்கம் மட்டும் வாசலில் செருப்போடு நின்றுவிடுமா? வீட்டிலும் எல்லாவற்றுக்கும் முன்னதாகவே நேரம் சொன்னாள். அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி அரைத்துச் சட்டத்தில் பொருத்துகிறவர், வாயில் விரலை வைத்தாலும் கடிக்காத மனிதர். சுவர்க் கடிகாரம் ஊருக்கு முந்தி ஓடுவது தெரிந்தும் பேசாமல் இருந்தார். மகள் அப்படியில்லை. அம்மா சொல்லும் நேரத்தோடு அரை மணியைக் கூட்டிக்கொண்டால் உண்மை கிடைக்கும் என்பதைப் பள்ளிக்கூட வயசிலேயே கண்டுபிடித்துவிட்டாள். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாய வேண்டாமா?

அந்தக் கூட்டல் ஒரு நாள் பலிக்கவில்லை. மகள் முதல் வேலைக்காக வெளியூர் கிளம்பிய நாள் அது. பிள்ளை ரயிலைத் தவறவிட்டுவிடுவாளோ என்ற பதற்றத்தில் விசிலக்கா அளவுக்கு மீறிப் பொய் சொல்லிவிட்டாள். டிக்கெட்டும் அவள் கைப்பையில்தான் இருந்தது. மகளின் உயிர்ச் சிநேகிதி வேலை முடிந்து வழியனுப்ப ஓடிவந்து, வீட்டு வாசலில் பூட்டைத்தான் பார்த்தாள். ஊரின் மறுகோடியில் இருந்த ஸ்டேஷனுக்கு அவள் வந்து சேர்வதற்குள் ரயில் போய்விட்டது. அதற்கு முன் வெகுநேரம், காலித் தண்டவாளத்தைப் பார்த்தபடி பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள் மகள்.

"நான் உன் டிரைவர் இல்லம்மா, உன் பொண்ணு," என்றாள். "எனக்காவது நிஜத்தைச் சொல்லியிருக்கலாம்."

அதற்குப் பிறகு இரண்டு கோடை போய்விட்டது. மகள் வீட்டுப் பக்கமே வரவில்லை. போனில் பேசுவாள். சாப்பிட்டேன், தூங்கினேன், வெச்சிடறேன், அவ்வளவுதான். விசிலக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. ஆனால் அவள் உட்கார்ந்து அழுகிற ரகமில்லை. பஸ் பழுதானால் மாற்று பஸ்ஸை எடு என்கிற ரகம். அப்படி யோசித்துத்தான் அந்தத் தீவைப் பிடித்தாள்.

கரைக்கும் கடலுக்கும் நடுவே, நீளவாக்கில் படுத்துக் கிடக்கும் மணல் தீவு அது. அலையின் அடியையெல்லாம் அது வாங்கிக்கொள்வதால், அதற்கும் கரைக்கும் இடையிலுள்ள உப்பங்கழி சலனமில்லாமல் கிடக்கும். வாடகைக்குச் சில வீடுகள், ஒரு கடை, நடக்க மணல். வண்டி வாகனம் எதுவும் கிடையாது.

"பஸ்ஸே இல்லாத இடமாங்க!" என்று கணவரிடம் பெருமையாகச் சொன்னாள்.

"அப்போ நீ யாரை விரட்டுவே?" என்றார் அவர். "நண்டையா?"

மகளைப் போனில் கூப்பிட்டாள். "ஒரு வாரம் தீவுல சும்மா இருக்கப் போறோம். நீயும் வாயேன்."

"சும்மாவா? நீயா?" மகள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை காலமாயிற்று! "சரி, வரேன். ஆனா விடியறதுக்கு முன்னாடி எழுப்பி, சூரியனைப் பாருன்னு படுத்தக் கூடாது."

"சூரியன் அது பாட்டுக்கு வரும். நீ தூங்கு."

போனை வைத்ததும் விசிலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓய்வுக்கு ஏற்பாடு செய்யத் தொடங்கினாள் பாருங்கள், டிப்போவில்கூட அப்படி வேலை பார்த்திருக்கமாட்டாள். தீவு வீட்டுக்காரம்மாவைப் போனில் பிடித்துக் குடைந்து எடுத்தாள். கொசுவலையில் ஓட்டை உண்டா, கேஸ் நிரம்பியிருக்கிறதா, பெண்ணுக்குத் தரும் அறையில் காலை வெயில் முகத்தில் அடிக்குமா, ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளுமா.

"எல்லாரும் கடல் தெரியுமான்னுதாங்க கேப்பாங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "தாழ்ப்பாள் துரு பிடிச்சிருக்கான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"கடல் எங்கயும் ஓடிடாதுங்க. தாழ்ப்பாளைச் சொல்லுங்க."

சமையலறைச் சுவரில் ஒரு அட்டவணையும் ஏறியது. காலை ஓய்வு, பிறகு கடல், மதியம் கட்டாய ஓய்வு என்று கட்டம் கட்டமாக. கணவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைப் படித்தார்.

"கட்டாய ஓய்வுன்னா வேலையை விட்டுத் தூக்கறதுன்னுல்ல அர்த்தம்? பொண்ணு இதைப் பார்த்தா அடுத்த படகுல திரும்பிடுவா."

விசிலக்கா முறைத்தாள். முறைத்து முடித்ததும் அட்டவணையைக் கிழித்து, காய்கறிக் கூடையின் அடியில் மடித்துப் போட்டாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, ஒத்துக்கொள்ளத்தான் மனசு வரவில்லை.

அன்றைக்கே இன்னொரு முடிவும் எடுத்தாள். இனி மகளிடம் நிஜமான நேரத்தை மட்டுமே சொல்வது. படகு நேரம், தண்ணீர் ஏறி இறங்குவதைப் பொறுத்து வாரத்துக்கு வாரம் மாறுமாம். படகுக்காரரைக் கேட்டால்தான் தெரியும். அவர் சாயங்காலம் நாலரை என்றார். மகளுக்குச் சொல்லும்போது நாலு என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, "நாலரைக்குப் படகு," என்றாள்.

"சரிம்மா," என்றாள் மகள்.

மலையைப் புரட்டிவிட்ட திருப்தியோடு விசிலக்கா போனை வைத்தாள். நெஞ்சறிய மெய் சொன்னாயிற்று, இனி என்ன குறை? உண்மையைச் சொல்லப் போகிறேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டுச் சொல்ல வேண்டிய நிலையில் தான் இருக்கிறோம் என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவே இல்லை.

கிளம்பும் நாளில் எல்லாம் அவள் நினைத்தபடியே நடந்தது. படகுத்துறைக்கு அவர்கள்தான் முதலில் வந்தார்கள். பெட்டிகளைத் தானே எண்ணி ஏற்றி, கணவரை நிழலான பலகையில் உட்கார வைத்து, தானும் ஏறிக்கொண்டாள். மற்றவர்களும் வந்து ஏறினார்கள். மகளை மட்டும் காணோம். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தபோது விசிலக்கா போன் செய்தாள்.

"எங்கம்மா இருக்கே?"

"பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டிருக்கேன். ஏன் பதறுற? இன்னும் அரை மணி இருக்குல்ல?" மகளின் குரல் குதூகலமாக இருந்தது.

விசிலக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. புலி வருது, புலி வருது என்று ஆயுசு பூராவும் கத்தியாயிற்று. இப்போது புலி வந்து நிற்கிறது. யாரைக் குற்றம் சொல்ல? இப்போது கத்தினால் பிள்ளை மூச்சிரைக்க ஓடிவரும், அப்படியும் பலனிருக்காது. பஸ் ஸ்டாண்ட் அங்கிருந்து நல்ல தூரம்.

"சரி, மெதுவா வா," என்றாள்.

"மெதுவாவா?" மகள் ஆச்சரியமாகக் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

படகுக்காரரிடம் திரும்பினாள். "அண்ணே, பொண்ணு வந்துட்டிருக்கா. கொஞ்சம் நிக்க முடியுமா?"

"நான் நிப்பேம்மா. தண்ணி நிக்காதே. இன்னும் இறங்கிடுச்சுன்னா நடுவுல சேத்துல உக்காந்துடும் படகு."

அதற்கு மேல் அவள் வாதாடவில்லை. அவர் நியாயம் அவளுக்குப் புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்? புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துறையில் குதித்தாள்.

"ஏய், எங்க போற?" கணவர் எழுந்துவிட்டார்.

"நீங்க போங்க. வீட்டுக்காரம்மா சாவியோட நிப்பாங்க. நான் அவளோட காலைல வரேன்."

"நான் தனியா என்ன பண்றது?"

"சும்மா இருங்க!"

படகு நகர்ந்தது. பெட்டி, கொசுவலை, சமையல் சாமான் எல்லாவற்றுக்கும் நடுவே உட்கார்ந்திருந்த கணவர், கையை ஆட்டுவதா வேண்டாமா என்று யோசித்தபடியே சின்னதாகிப் போனார். விசிலக்கா துறைப் படிக்கட்டில் உட்கார்ந்தாள். மகளிடம் என்ன சொல்வது? படகு முன்னதாகவே போய்விட்டது என்று சொல்லலாம். எஞ்சின் கோளாறு என்று சொல்லலாம். அவளுக்குப் பொய்க்கா பஞ்சம்! எந்தப் பொய் சொன்னாலும் பிள்ளைக்கு மனசு நோகாது. ஆனால் அப்படி மனசு நோகாமல் பார்த்துக்கொண்டுதானே இத்தனை தூரம் வந்து நிற்கிறது. வேண்டாம் என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

மகள் தோளில் பையோடு ஆடி அசைந்து வந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள், பிறகு தூரத்தில் போகும் படகைப் பார்த்தாள்.

"அது நம்ம படகா?"

"ஆமா."

"நாலரைன்னுதானே சொன்னே? அப்போ அஞ்சுதானே?"

"நாலரைன்னா நாலரைதான்."

மகள் அவள் முகத்தையே உற்றுப் பார்த்தாள். "நிஜமாவே நிஜ நேரம் சொன்னியா?"

"சொன்னேன். இனிமே உன்கிட்ட அப்படித்தான்னு முடிவு பண்ணேன். அதை உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

மகள் பையை இறக்கிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீ ஏறிப் போயிருக்கலாமே."

"நீ வந்து காலித் துறையைப் பார்க்கணுமா? அப்படி ஒரு தடவை பண்ணினது போதும்."

மகள் அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்பா?" என்றாள்.

"போயாச்சு. பெட்டி படுக்கையெல்லாம் அவரோட. என் மாத்துப் புடவைகூட அங்கதான்."

மகள் குபீரென்று சிரித்தாள். கண்ணீரும் வந்தது, துடைக்கத் துடைக்கச் சிரிப்பும் வந்தது. விசிலக்காவும் சேர்ந்து சிரித்தாள். துறை வாசலில் டீக்கடைக்கு மேலே வாடகை அறை இருந்தது. சிரித்து முடிப்பதற்குள் விசிலக்கா அதை மனசில் ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள், அது வேறு விஷயம்.

"காலைல படகு எப்போ?" என்று கேட்டபடி மகள் போனை எடுத்தாள். அவளுக்குப் பின்னால், துறைக் கம்பத்தில் தொங்கிய பலகையில் படகுக்காரர் நேரத்தைச் சாக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார்.

ஐந்தே முக்கால் என்று சொல்லத் துடித்தது விசிலக்காவின் வாய். இதையும் விட்டால் மத்தியானம்வரை படகு கிடையாது, பிள்ளையோ தூங்குமூஞ்சி.

"ஆறே கால்," என்றாள்.

மகள் திரும்பிப் பலகையைப் பார்க்கவில்லை. "ஆறே காலா? அப்போ ஆறு வரைக்கும் தூங்கலாம்," என்று அலாரத்தை வைத்துவிட்டு எழுந்து, அம்மாவுக்குக் கை கொடுத்தாள். "வாம்மா, பசிக்குது."